நேஷனல்ஸ் 2019: புல்பென் இல்லாத அணி எப்படி சாம்பியன் ஆச்சு?

#1 பச்சைத்தடம்

வேற ஒரு இழையில நண்பர் ஒருத்தர் "நேஷனல்ஸ் 2019 எல்லாம் ஒரு மாசத்துக் கூத்து, விடுங்கப்பா"ன்னு எழுதிட்டுப் போனார். அங்க பதில் போட்டா பேச்சு திசைமாறும். அதான் தனி இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியைப் பத்தி எல்லாருக்கும் தெரிஞ்ச பாதியை முதல்ல முடிச்சிடுறேன். 2019 மே 23. நியூயார்க்ல மெட்ஸ்கிட்ட நாலுக்கு நாலு தோத்துட்டு வர்றோம். 50 ஆட்டத்துல 19 வெற்றி, 31 தோல்வி. பிரைஸ் ஹார்ப்பர் அந்த மார்ச்லதான் 13 வருஷம், 330 மில்லியன் டாலர்னு கையெழுத்துப் போட்டு பிலடெல்பியாவுக்குப் போயிருந்தார். பிட்சிங் கோச்சை மே 2-ம் தேதியே மாத்தியாச்சு. அடுத்தது மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ்தான்னு ஊரே நாள் குறிச்சுக்கிட்டிருந்தது. ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோ அசையல. அதுக்கப்புறம் 74 வெற்றி, 38 தோல்வி. மொத்தம் 93. வெற்றியைவிட தோல்வி 12 அதிகமா இருந்த நிலைமையிலிருந்து எழுந்து, அதே வருஷம் வேர்ல்ட் சீரிஸ்ங்கற இறுதித் தொடரை ஜெயிச்ச அணி அதுக்கு முன்னாடி 1914 பாஸ்டன் பிரேவ்ஸ் மட்டும்தான்.

இப்ப நான் சொல்ல வந்தது. அந்த அணிக்கு புல்பென்னே கிடையாது. ஆளுங்க இருந்தாங்க, ஆனா இல்லாததுக்குச் சமம். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்தரை ரன்னுக்கு மேல கொடுத்து, நேஷனல் லீக்லயே கடைசி. அப்படி ஒரு புல்பென்னை வெச்சுக்கிட்டு அக்டோபர்ல, அதாவது நாக்-அவுட் சுற்றுகள்ல, யாரும் தேறுறதில்ல. ரிஸ்ஸோ ஜூலைக் கடைசியில டொரன்டோவிலிருந்து டேனியல் ஹட்சனைக் கூட்டிட்டு வந்தார், அது உதவுச்சு. மத்தபடி அவங்க அந்த ஓட்டையை அடைக்கவே இல்ல. அதுமேல பாயைப் போட்டு மூடிட்டாங்க.

எப்படின்னு பாருங்க. அக்டோபர் 1, மில்வாக்கியோட ஒரே ஆட்டம், தோத்தா வீட்டுக்கு. மேக்ஸ் ஷெர்ஸர் 5 இன்னிங்ஸ். அடுத்து வந்தது யாரு? ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க். வேற எந்த நாளா இருந்தாலும் ஆட்டத்தையே தொடங்கி வைக்கிற ஆள், 6, 7, 8 மூணு இன்னிங்ஸும் ரன் விடாம வீசினார். ஒன்பதாவது ஹட்சன். ஆக மொத்தம் மூணே பேர். அடுத்த சுற்றுல டாட்ஜர்ஸோட ரெண்டாவது ஆட்டத்துல எட்டாவது இன்னிங்ஸுக்கு ஷெர்ஸர் வந்து மூணு பேரையும் ஸ்ட்ரைக்-அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) பண்ணினார். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோட வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்துல ஆறாவது இன்னிங்ஸுக்கு பேட்ரிக் கார்பின். ஏழாவது ஆட்டத்துல ஷெர்ஸர் 5, கார்பின் 3, ஹட்சன் 1. கதை முடிஞ்சது.

நாலு ஸ்டார்ட்டர் (இந்த மூணு பேரோட அனிபால் சான்செஸ்), கூட ஹட்சன், ஷான் டூலிட்டில். இந்த ஆறு கைதான் அந்த அக்டோபர். கூத்துன்னு சொல்றவங்க இதைப் பார்த்துட்டுச் சொல்லட்டும்.

#2 மாசிவீதி

அண்ணே, எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இந்த ஆட்டத்தை ஒரு வருஷமா காலையில அஞ்சரை மணிக்கு எந்திரிச்சுப் பாக்குறேன், பாதி புரியுது. புல்பென்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன, நம்ம வாடிவாசல் மாதிரியா?

#3 பச்சைத்தடம்

மதுரைக்காரர்னு பேரைப் பாக்காமலே சொல்லிடலாம் 😄 கிட்டத்தட்ட அதேதான் தம்பி. மைதானத்து ஓரத்துல வேலி போட்ட ஒரு இடம். ஆட்டத்தைத் தொடங்குற பிட்சர் களைச்சதும் மாத்தி அனுப்ப, அஞ்சாறு பேர் அங்க கை சூடாக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வாடிவாசல் திறந்தா கூட்டம் விசிலடிக்கும். எங்க புல்பென் கதவு திறந்தா கூட்டம் தலையில கை வெச்சுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கிரிக்கெட்ல இல்லாத ரெண்டு விஷயம் மட்டும் நினைவு வெச்சுக்குங்க. ஒருத்தரை வெளியே எடுத்துட்டா அன்னிக்கு மறுபடி உள்ள கொண்டுவர முடியாது. ஸ்டார்ட்டர்னா ஒரு நாள் வீசிட்டு நாலு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாள்ல அவரைக் கூப்பிட்டு ஒரு இன்னிங்ஸ் போடச் சொன்னா, அடுத்த ஆட்டத்துக்கான கையை இன்னிக்கே செலவழிக்கிறோம்னு அர்த்தம்.

#4 ஹூஸ்டன்_ஆரஞ்சு

வந்துட்டேன். என்னைத்தானே எதிர்பார்த்தீங்க?

பிட்சிங் நல்லா இருந்துச்சு, மறுக்கல. ஆனா பச்சைத்தடம் சார் அந்த மில்வாக்கி ஆட்டத்தை, வைல்டு கார்டு ஆட்டத்தை, சொல்லும்போது பிட்சிங்கோட நிறுத்திட்டார். எட்டாவது இன்னிங்ஸ்ல என்ன நடந்ததுன்னு நான் சொல்றேன். மில்வாக்கி 3, வாஷிங்டன் 1. ஜாஷ் ஹேடர் வீசுறார், அந்தக் காலகட்டத்துல அவர் பந்தைத் தொடுறதே பெரிய விஷயம். மைக்கேல் டெய்லருக்கு பந்து மேல பட்டு முதல் பேஸ் கிடைக்குது. ரையன் ஸிம்மர்மேன் அடிச்சு மட்டை உடையுது, பந்து சொத்துன்னு போய் நடுவுல விழுது. அந்தோனி ரெண்டோனுக்கு வாக் (நாலு தப்புப் பந்துக்கு இலவசமா முதல் பேஸ்). அப்புறம் ஹுவான் சோட்டோ வலது பக்கம் ஒரு சிங்கிள் அடிக்கிறார். ரெண்டு ரன் வந்து சமன் ஆகவேண்டிய இடம். ட்ரென்ட் க்ரிஷம்னு ஒரு புதுப்பையன், கையுறைக்குக் கீழ பந்தை விட்டுட்டான். மூணு பேரும் ஓடி வந்துட்டாங்க. 4-3.

உடைஞ்ச மட்டை, ஒரு பையன் கோட்டை விட்ட பந்து. இது இல்லேன்னா உங்க ஆறு கையும் அக்டோபர் 2-ம் தேதி மீன்பிடிக்கப் போயிருக்கும்.

#5 பச்சைத்தடம்

அதிர்ஷ்டம் இல்லேன்னு நான் எங்க சொன்னேன்? ஸ்ட்ராஸ்பர்க் அந்த மூணு இன்னிங்ஸ்ல ஒரு ரன் விட்டிருந்தாலும் க்ரிஷம் விட்ட பந்து ஆட்டத்தைச் சமன் பண்ணத்தான் உதவியிருக்கும். அதிர்ஷ்டம் கதவைத் தட்டுறப்ப நாம வீட்டுல இருக்கணுமில்ல, அவர் எங்களை வீட்டுல உக்கார வெச்சார்.

அப்புறம் அதிர்ஷ்டம்னா இந்த ஊர்க்காரன்கிட்ட பேசாதீங்க. 2012, 2014, 2016, 2017, நாலு தடவை முதல் சுற்றுலயே வெளிய போனோம். அதுல மூணு, சொந்த மைதானத்துல அஞ்சாவது ஆட்டத்துல. 2012-ல செயின்ட் லூயிஸோட 7-5 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும்ங்கற நிலைமை. நாலு ரன் விட்டு 9-7. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து வந்தப்ப ஒரு ஆள் பேசல. அவ்வளவு பெரிய கூட்டம், செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

#6 எண்கணக்கன்

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்னத் திருத்தம். ஆறு கை திட்டம் எப்போதும் வேலை செய்யவில்லை. டாட்ஜர்ஸுடனான மூன்றாவது ஆட்டத்தில் இதே கார்பினை ஆறாவது இன்னிங்ஸில் இறக்கினார்கள். ஆறு ரன் கொடுத்தார். 10-4 தோல்வி. பச்சைத்தடம் தன் பட்டியலில் அந்த நாளை வசதியாக விட்டுவிட்டார்.

ஆனால் மைய வாதம் சரிதான். ஸ்ட்ராஸ்பர்க் அந்த அக்டோபரில் 5 வெற்றி, 0 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி) 1.98. டாட்ஜர்ஸுக்கு அடுத்த சுற்றில் செயின்ட் லூயிஸைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் அனிபால் சான்செஸ் எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் எடுக்கும் வரை ஒரு ஹிட் கூட விடவில்லை. மறுநாள் ஷெர்ஸர் ஏழாவது இன்னிங்ஸ் வரை அதேபோல. மூன்றாவதில் ஸ்ட்ராஸ்பர்க் 12 ஸ்ட்ரைக்-அவுட். நான்கு ஆட்டத்திலும் சேர்த்து செயின்ட் லூயிஸ் எடுத்த ரன் 6. ஸ்டார்ட்டர் எட்டாவது இன்னிங்ஸ் வரை நின்றால் புல்பென் கெட்டதா நல்லதா என்ற கேள்வியே எழாது.

#7 திண்ணை

அந்த முதல் ஆட்டத்துக்கு ஹட்சன் வரலை, ஞாபகம் இருக்கா? மனைவிக்குப் பிரசவம்னு லீவு போட்டுட்டார். முன்னாள் நிர்வாகி ஒருத்தர் ட்விட்டர்ல "இது என்ன அநியாயம்"னு குதிச்சார். டூலிட்டில் வந்து ஆட்டத்தை முடிச்சுக் கொடுத்தார். ஹட்சன் குழந்தையைப் பார்த்துட்டு மறுநாள் வந்து, அந்த ஆட்டத்தை அவர் முடிச்சார். குதிச்சவர் அதுக்கப்புறம் என்ன எழுதினார்னு தேடிப் பாக்கணும்.

#8 பச்சைத்தடம்

#6 ஒத்துக்கறேன், கார்பின் நாளை வேணும்னேதான் விட்டேன் 🙂 அன்னிக்கு நான் மைதானத்துல இருந்தேன். நினைக்கவே பிடிக்கல.

ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், என் மானம் போற விஷயம். செப்டம்பர் 3, மெட்ஸோட ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசிப் பாதிக்கு வர்றப்ப மெட்ஸ் 10, நாங்க 4. மறுநாள் காலையில ஆபீஸ். நேவி யார்டு ஸ்டேஷன்ல கூட்டம் நெரியுமேன்னு நான் முன்னாடியே எழுந்து வந்து பச்சைத் தட ரயில்ல உக்காந்துட்டேன். ரெண்டு ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள எதிர்ல இருந்த அம்மா போனைப் பார்த்து "ஐயோ"ன்னு கத்தினாங்க. யாருக்கு என்ன ஆச்சோன்னு பார்த்தா, ஏழு ரன். கர்ட் சுஸுகி எட்வின் டியாஸ் பந்துல மூணு ரன் ஹோம் ரன் அடிச்சு 11-10. அந்த வருஷத்தோட மிகப்பெரிய பத்து நிமிஷம் நடந்தப்ப நான் சுரங்கப்பாதையில ஜன்னல் கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தேன். இந்தத் தளத்துல என் பேருக்கு அதுதான் காரணம். தண்டனையா வெச்சுக்கிட்டேன்.

#9 மாசிவீதி

அண்ணே 😂😂 நானும் 2011 ஃபைனல்ல சச்சின் அவுட்டானதும் டிவியை அணைச்சுட்டுப் படுத்தவன்தான். வெடிச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சேன். கையக் கொடுங்க.

#10 ஹூஸ்டன்_ஆரஞ்சு

சரி, வேர்ல்ட் சீரிஸுக்கு வருவோம். நாங்க 107 வெற்றி. கெரிட் கோல் 326 ஸ்ட்ரைக்-அவுட், ஜஸ்டின் வெர்லேண்டர் 300. எங்க ஊர்ல முதல் ரெண்டு ஆட்டம், 5-4, 12-3 தோத்தோம். சோட்டோ கோல் பந்தை அடிச்சு இடது பக்கம் மேல இருக்கற ரயில் தண்டவாளத்துல போட்டான், 20 வயசுப் பையன். அப்புறம் வாஷிங்டன் வந்து 4-1, 8-1, 7-1. மூணு ஆட்டத்துல உங்க ஆளுங்க மூணே ரன். சொந்த ஜனம் முன்னாடி! பார்வையாளர் வரிசையில ரெண்டு கையிலயும் பீர் கேனோட நின்னு, எங்க யோர்டன் ஆல்வரெஸ் அடிச்ச ஹோம் ரன்னை நெஞ்சுல வாங்கினாரே ஒருத்தர், பீரைக் கீழ விடாம, அந்த மூணு நாள்ல வாஷிங்டன்ல ஒழுங்கா ஆடின ஒரே ஆள் அவர்தான்.

ஏழு ஆட்டம், ஏழும் வெளியூர்க்காரன் ஜெயிச்சான். பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி எதுலயுமே ஏழு ஆட்டத் தொடர்ல அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல. இதுக்கு யார்கிட்டயாவது விளக்கம் இருக்கா? இல்ல. அதைத்தான் கூத்துங்கறேன்.

#11 பச்சைத்தடம்

விளக்கம் கேட்டா என்கிட்டயும் இல்ல. அஞ்சாவது ஆட்டத்தை மட்டும் சொல்லலாம். அன்னிக்குக் காலையில ஷெர்ஸர் தூங்கி எழுந்தா கையைத் தூக்க முடியல, கழுத்து பிடிச்சுக்கிச்சு. சட்டை மாட்டவே மனைவி உதவி பண்ண வேண்டியிருந்ததுன்னு அவரே பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னார். ஊசி போட்டு படுக்க வெச்சாங்க. ஜோ ராஸ் அவசரத்துக்கு வந்து வீசினார், 7-1. இதே ஷெர்ஸர் ஜூன்ல பயிற்சியில பந்து பட்டு மூக்கு உடைஞ்சு, மறுநாள் பிலடெல்பியாவோட 7 இன்னிங்ஸ் ரன் விடாம வீசினவர். அவருக்கு ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு பழுப்பு. அன்னிக்கு கண்ணுக்குக் கீழ கருநீலமும் சேர்ந்து, டிவியில பாக்கவே பயமா இருந்துச்சு. அப்பேர்ப்பட்ட ஆள் முடியலைன்னு சொன்னா எங்க கதை முடிஞ்சதுன்னே நினைச்சோம்.

மூணு நாள் கழிச்சு ஏழாவது ஆட்டம் அவர்தான்.

#12 எண்கணக்கன்

ஆறாவது ஆட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது. முதல் இன்னிங்ஸில் ஹூஸ்டன் ஸ்ட்ராஸ்பர்க்கை நன்றாக அடித்தது. இரண்டு ரன், அதில் அலெக்ஸ் ப்ரெக்மன் ஹோம் ரன், மட்டையைக் கையோடு முதல் பேஸ் வரை எடுத்துப் போனார். புதிய கோச் பால் மென்ஹார்ட் ஸ்ட்ராஸ்பர்க்கிடம் சொன்னது: அடுத்து வரும் பந்து எதுவென்று உன் கை காட்டிக்கொடுக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கையுறையைக் குலுக்கிக்கொண்டே வீசினார். திரும்பிப் பார்க்கும்போது கவனியுங்கள், தெளிவாகத் தெரியும். ஆட்டத்தைத் தொடங்கிய மனிதர் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நின்றார், 8 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். முதல் இன்னிங்ஸுக்குப் பிறகு ரன்னே இல்லை.

ஐந்தாவது இன்னிங்ஸில் சோட்டோ ஹோம் ரன் அடித்து, அவரும் மட்டையை முதல் பேஸ் வரை எடுத்துப் போனார். அதுதான் பதில் மொய்.

வெர்லேண்டருக்கு அன்றோடு வேர்ல்ட் சீரிஸ் கணக்கு 0 வெற்றி, 6 தோல்வி. எனக்கு அவர்மேல் மிகுந்த மதிப்பு உண்டு, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

#13 திண்ணை

ட்ரே டர்னர் குறுக்க ஓடிட்டார்னு அவுட் கொடுத்தாங்களே, அதுவும் அந்த ஆட்டம்தான். நடுவர்கள் ஹெட்போன் மாட்டிக்கிட்டு நாலரை யுகம் நின்னாங்க. அடுத்து ரெண்டோன் ரெண்டு ரன் ஹோம் ரன் அடிச்சு 5-2 ஆக்கினப்புறமும் மார்ட்டினெஸுக்குக் கோபம் ஆறல. இன்னிங்ஸ் இடைவேளையில போய்க் கத்தி வெளியேற்றப்பட்டார். செப்டம்பர் நடுவுல நெஞ்சுவலின்னு ஆட்டத்துக்கு நடுவுல ஆஸ்பத்திரி போன மனுஷன்! உதவியாளர்கள் அவரைப் பின்னாடி இருந்து கட்டிப்பிடிச்சு இழுத்தாங்க. எனக்கு ரன் எத்தனைங்கறதே மறந்துபோச்சு, அவர் இதயத்தை நினைச்சுத்தான் பயம்.

#14 ஹூஸ்டன்_ஆரஞ்சு

இப்ப ஏழாவது ஆட்டம். இதுக்காகத்தான் இந்த இழையில உக்காந்திருக்கேன்.

ஸாக் க்ரெயின்கி. ஆறு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு ஹிட். தன்கிட்ட வந்த பந்தையெல்லாம் தானே பாய்ஞ்சு பிடிக்கிறார். நாங்க 2-0. ஷெர்ஸர் மறுபக்கம் தத்தளிக்கிறார், 5 இன்னிங்ஸ்ல 7 ஹிட், 4 வாக். ஆனா ரெண்டு ரன்தான் விட்டார். அது எங்க தப்பு, ஒத்துக்கறேன், பேஸ்ல நின்ன ஆளுங்களை ஓடி முடிக்க வைக்காம விட்டோம். ஏழாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். ரெண்டோன் ஹோம் ரன், 2-1. சோட்டோவுக்கு வாக். க்ரெயின்கி வீசினது மொத்தமே 80 பந்து. ஏ.ஜே. ஹின்ச் நடந்து வர்றார். நான் சோபாவுல எழுந்து நின்னு "வேணாம் வேணாம்"னு டிவிகிட்ட சொல்றேன்.

வில் ஹாரிஸ் வர்றார். ரெண்டாவது பந்து. வெளிப்பக்கம், கீழ, நல்ல கட்டர் (கடைசியில கொஞ்சம் விலகுற பந்து). ஹோவி கென்ட்ரிக், 36 வயசு, முந்தின வருஷம் குதிகால் நரம்பு அறுந்தவர், கையை நீட்டி வலது பக்கம் தள்ளிவிட்டார். போய் ஃபவுல் கம்பத்துல பட்டுச்சு. 3-2.

அங்க கோல் புல்பென்ல உடம்பு சூடாக்கிக்கிட்டிருந்தார். கடைசி வரைக்கும் அவரைக் கூப்பிடவே இல்ல.

#15 மாசிவீதி

அண்ணே ஒரு சந்தேகம். ஃபவுல் கம்பத்துல பட்டா ஃபவுல்தானே? பேரே அதுதானே?

#16 பச்சைத்தடம்

இந்த ஆட்டத்தோட பேர் வெச்சவனைத் தேடி நானும் பல வருஷம் அலைஞ்சிருக்கேன் தம்பி. மைதானத்து எல்லைக் கோடு ரெண்டு பக்கமும் முடியற இடத்துல உயரமா ஒரு கம்பம் நிக்கும், அதுல வலை மாதிரி ஒரு தட்டி. அதுக்கு வெளிய போனா ஃபவுல், உள்ள போனா ஹோம் ரன், கம்பத்துலயே பட்டா ஹோம் ரன். கம்பம் உள்பக்கத்துச் சொத்து. வரப்புல காய்ச்ச தேங்காய் யாருக்குன்னு பஞ்சாயத்து வேணாம்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டாங்க.

#17 எண்கணக்கன்

ஹின்ச் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது அடிப்பவர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது பழைய உண்மை. கென்ட்ரிக் அன்று க்ரெயின்கியை மூன்றாவது முறை சந்திக்கப் போகிறார். ஹாரிஸ் அந்த வருடம் 1.50 ஈ.ஆர்.ஏ., அணியின் மிக நம்பகமான கை. பந்தும் மோசமான பந்து இல்லை. நான் மேனேஜராக இருந்திருந்தாலும் மாற்றத்தைப் பற்றி யோசித்திருப்பேன். கோலுக்கு அஞ்சாவது ஆட்டம் முடிந்து மூன்று நாள்தான், முன்னிலையில் இருந்தால் கடைசியில் கொண்டுவருவதாகத்தான் ஹின்ச் நினைத்திருந்தார், பிறகு முன்னிலையே வரவில்லை.

#18 பச்சைத்தடம்

இங்கதான் எண்கணக்கனோட நான் ஒத்துப்போகல. காகிதத்துல எல்லாம் சரி. ஆனா ஹாரிஸ் முந்தின நாள் ராத்திரிதான் ரெண்டோன்கிட்ட அந்த ஹோம் ரன்னை வாங்கியிருந்தார். ரெண்டு மேனேஜரும் அன்னிக்கு எப்படி யோசிச்சாங்கன்னு பாருங்க. ஹின்ச்கிட்ட நல்ல புல்பென் இருந்துச்சு, அதனால அதைப் பயன்படுத்தினார். மார்ட்டினெஸ்கிட்ட புல்பென் இல்ல, அதனால ஷெர்ஸரை 103 பந்து வரை விட்டார், அடுத்து கார்பினை மூணு இன்னிங்ஸ் விட்டார். நல்ல புல்பென் வெச்சிருந்தவர் கதவைத் திறந்தார், தோத்தார். நான் #1-ல சொன்ன மொத்த வாதமும் அந்த ஒரு இன்னிங்ஸ்ல இருக்கு.

நான் அதை எங்க பார்த்தேன் தெரியுமா? நேஷனல்ஸ் பார்க்லயே. ஆட்டம் ஹூஸ்டன்ல, எங்களுக்குப் பெரிய திரையில காட்டினாங்க. மழை. இருக்கையெல்லாம் தண்ணி, நாங்க பிளாஸ்டிக் மழைக்கோட்டுல. பந்து கம்பத்துல பட்டப்ப பக்கத்துல இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் கழுத்தைக் கட்டிக்கிட்டார், அவர் தொப்பியில இருந்த தண்ணி பூரா என் சட்டைக்குள்ள. எட்டாவதுல சோட்டோ ஒண்ணு, ஒன்பதாவதுல ஆடம் ஈட்டன் ரெண்டு ரன், 6-2. ஹட்சன் மைக்கேல் ப்ராண்ட்லியை ஸ்ட்ரைக்-அவுட் பண்ணி கையுறையைத் தூக்கி வீசினார். அந்த வேர்ல்ட் சீரிஸ்ல எங்க மைதானத்துல எங்க ஆளுங்க ஜெயிச்சதை நாங்க பார்த்தது அந்தத் திரையில மட்டும்தான்.

#19 திண்ணை

குப்பைத்தொட்டிச் சத்தம் கேட்டிருந்தா ப்ராண்ட்லி அடிச்சிருப்பார் 🤐

#20 ஹூஸ்டன்_ஆரஞ்சு

எவ்வளவு நேரம் தாங்கும்னு பார்த்தேன், 19 வரை வந்துட்டீங்க, சந்தோஷம்.

குப்பைத்தொட்டியைத் தட்டி, அடுத்த பந்து எதுன்னு அடிக்கிறவருக்குச் சொன்ன அந்த சைகை திருட்டு 2017 விவகாரம். 2020 ஜனவரியில தண்டனை வந்துச்சு, ஹின்ச் வேலையும் போச்சு, 5 மில்லியன் அபராதம். நான் அதுக்கு எங்கயும் வக்காலத்து வாங்கினதில்ல, வாங்கவும் மாட்டேன். ஆனா 2019 சீரிஸ்ல சொந்த ஊர்ல நாலுக்கு நாலு தோத்தோம். அன்னிக்கும் திருடினோம்னு சொன்னா, உலகத்துலயே உருப்படாத திருடங்க நாங்கதான்.

#21 மட்டுறுத்துநர்

அந்தப் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே வேண்டாம்.

#22 மொன்றியால்_மாமா

எல்லாரும் வடிவாக் கதைக்கிறியள், வாசிச்சுக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் எங்கட பேரைச் சொல்லேல்லை எண்டபடியால் நானே சொல்லுறன்.

இந்த நேஷனல்ஸ் ஆர்? மொன்றியால் எக்ஸ்போஸ். 1969 இல துவங்கினது. நான் இஞ்ச வந்த புதுசில பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. வேலையிடத்தில ஒருத்தர் ஒலிம்பிக் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மலிவு டிக்கெற். கதைக்கிறதுக்கு பாஷை தேவையில்லை, கை தட்டினால் காணும். அப்பிடித்தான் பிடிச்சது.

1994 இல பெட்ரோ மார்ட்டினெஸ், லாரி வாக்கர், மொய்சஸ் அலூ. ஓகஸ்ட் 12 வேலைநிறுத்தம் துவங்கேக்க 74 வெற்றி, 40 தோல்வி, முழு லீக்கிலயும் முதலாம் இடம். அந்த வருசம் வேர்ல்ட் சீரிஸே நடக்கேல்லை. பிறகு எல்லாரையும் வித்துப்போட்டினம். 2004 செப்ரெம்பர் 29 இஞ்ச நடந்த கடைசி ஆட்டம். நான் போனனான். அடுத்த வருசம் வாஷிங்டன்.

19-31 க்குப் பிறகு அவை வெண்டது 74 எண்டு முதலாவது பதிவில வாசிச்ச உடன எனக்கு அந்த 74 தான் ஞாபகம் வந்தது. சும்மா இலக்கப் பொருத்தம்தான், ஒண்டுமில்லை.

2019 ஐப் பாக்கேக்க எப்பிடி இருந்தது எண்டு மகன் கேட்டவன். தத்துக் குடுத்த பிள்ளையின்ர கலியாணப் படம் பாக்கிற மாதிரி எண்டு சொன்னன். சந்தோசம்தான். அழைப்பிதழ்தான் வரேல்லை.

#23 பச்சைத்தடம்

மாமா, மன்னிச்சுக்குங்க. உங்களை விட்டுட்டு இந்தக் கதையை எழுதியிருக்கக் கூடாது.

எங்க ஊரும் அந்த வலி பட்ட ஊர்தான். வாஷிங்டன் செனட்டர்ஸ் 1960 சீசன் முடிஞ்சு மினசோட்டா போனாங்க. அடுத்து வந்த புது செனட்டர்ஸ் 1971 முடிஞ்சு டெக்சஸ் போனாங்க. 33 வருஷம் பேஸ்பாலே இல்ல. எங்க கண்ணீர் துடைக்க உங்க வீட்டுல எடுத்தாங்க.

#24 எண்கணக்கன்

பின்கதையையும் யாராவது எழுத வேண்டும், நானே எழுதிவிடுகிறேன். ஸ்ட்ராஸ்பர்க் அந்த வேர்ல்ட் சீரிஸின் எம்விபி (சிறந்த வீரர்), டிசம்பரில் 7 வருடம், 245 மில்லியன் ஒப்பந்தம். அதன் பிறகு அவர் வீசியது மொத்தம் 8 ஆட்டம். தோள் நரம்பு போய்விட்டது. ரெண்டோனும் அதே 7 வருடம் 245-க்கு ஏஞ்சல்ஸ் போனார். 2021 ஜூலையில் ஷெர்ஸரும் டர்னரும் டாட்ஜர்ஸுக்கு. 2022-ல் சோட்டோ சான் டியகோவுக்கு, அந்த வருடம் நேஷனல்ஸ் 107 தோல்வி. சாம்பியன் அணி மூன்றே வருடத்தில் கரைந்தது.

ஓய்வு நாளில் இரவல் வாங்கிய கைகளுக்கு வட்டி கட்டினார்களோ என்று எனக்குத் தோன்றும். ஒரு அக்டோபரால் தோள் போனது என்று நிரூபிக்க முடியாது, 2010-லேயே முழங்கை அறுவை செய்த கை அது.

#25 பச்சைத்தடம்

ஸ்ட்ராஸ்பர்க்கை 2012-ல 159 இன்னிங்ஸோட நிறுத்தி வெச்சாங்க, கையைக் காப்பாத்தணும்னு. ஊரே திட்டுச்சு, நானும் திட்டினேன். 2019-ல காப்பாத்தாம விட்டாங்க. யாரும் திட்டல.

#26 ஹூஸ்டன்_ஆரஞ்சு

இது நல்ல இடம். இதுக்கு நான் எதிர்வாதம் பண்ண மாட்டேன்.

#27 மாசிவீதி

அண்ணே, ரெண்டு நாளா ஏழாவது ஆட்டத்தை முழுசா பார்த்து முடிச்சேன். கம்பத்துல டங்குன்னு சத்தம், மைதானமே கப்சிப். ஹூஸ்டன் அண்ணே, உண்மையிலேயே பாவமா இருந்துச்சு.

ஒரு கேள்வி. இதுக்கு முன்னாடி வாஷிங்டன் ஜெயிச்சதே இல்லையா?

#28 பச்சைத்தடம்

ஒரே ஒரு தடவை, 1924, பழைய செனட்டர்ஸ். அதுலயும் கேளுங்க, ஏழாவது ஆட்டம், வால்டர் ஜான்சன். அந்தக் காலத்துப் பெரிய ஸ்டார்ட்டர், அந்த சீரிஸ்ல அவர் தொடங்கின ரெண்டு ஆட்டமும் தோல்வி. ஏழாவதுல ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மாத்து ஆளா உள்ள வந்து, பன்னிரண்டாவது வரை நாலு இன்னிங்ஸ் ரன் விடாம வீசினார். அப்புறம் ஏர்ல் மெக்நீலி அடிச்ச பந்து தரையில எதுலயோ பட்டு ஜயண்ட்ஸ் ஆள் தலைக்கு மேல எகிறிப் போச்சு. கூழாங்கல்னு சொல்லுவாங்க. நேஷனல்ஸை வாங்கின டெட் லெர்னர் 1925-ல பிறந்தவர், சின்ன வயசுல அதே கிரிஃபித் மைதானத்துல இருக்கை காட்டுற வேலை பார்த்தவர். அவர் 94 வயசுல 2019-ஐப் பார்த்தார்.

#29 ஹூஸ்டன்_ஆரஞ்சு

அன்னிக்கும் ஸ்டார்ட்டரை மாத்து ஆளா, அன்னிக்கும் ஒரு கல்லு. உங்க ஊர்ல இது பரம்பரை வியாதி போல.

#30 மாசிவீதி

1924 வீடியோ கிடைக்குமா?

#31 மொன்றியால்_மாமா

இருக்கு தம்பி. 2014 இல ஒரு பழைய வீட்டுக் கராஜுக்குள்ள இருந்து செய்திப் படச் சுருள் கிடைச்சு, அமெரிக்க காங்கிரஸ் நூலகம் திருத்தி வலையில போட்டிருக்கினம். சத்தம் இல்லை. ஜான்சன் எறியிறது, சனம் மைதானத்துக்குள்ள பாயிறது எல்லாம் வருது. நாலு நிமிசம் வராது.

#32 மாசிவீதி

நாலு நிமிஷம்னா டீ ஆறுறதுக்குள்ள பாத்துடலாம். இந்தத் தடவை நடுவுல எந்திரிச்சுப் போக மாட்டேன்.